நமதல்லாத மண்ணில் நடுவது ஏன்?

எல்லாப் புகழும் வானத்திலிருந்து மழையை இறக்கி, இறந்து கிடந்த பூமிக்கு உயிர் கொடுக்கும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி நடந்த நல்லோர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக! ஆமீன்.

 

வால்பாறை எஸ்டேட் குடியிருப்புகளில், "லைன் வீட்டைச் சுற்றி நாலு செடி போட்டால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இது நம்ம இடமா? வேலை இருக்கிற வரைக்கும் வீடு. ரிட்டயர் ஆனா சாவியைக் கொடுத்துட்டு இறங்கணும். யாருக்காக நடுறது?" கோவையில் கரும்புக்கடையிலும் குனியமுத்தூரிலும் வாடகை வீட்டில் இருப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். "பதினோரு மாத அக்ரிமெண்ட். இதில் கறிவேப்பிலைச் செடி வைத்து அது எப்போது வளர்வது?"

இந்த வாரம் நாம் சிந்திக்க வேண்டியது இந்தக் கேள்வியைத்தான். நமக்குச் சொந்தமில்லாத மண்ணில் நாம் ஏன் நட வேண்டும்? குடும்பத்தைக் கஷ்ட காலத்துக்குத் தயார் செய்வது ஈமானோடு சேர்ந்த காரியமா, அல்லது தவக்குலுக்கு மாற்றமா? அப்படித் தயார் செய்தால் அதன் எல்லை நம் வேலியோடு முடிந்துவிடுகிறதா?

கேள்விக்குள் இருக்கும் வலி

"யாருக்காக நடுவது" என்பதைச் சோம்பேறியின் பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆனைமலைக் காடுகளை வெட்டிக் காபியும், பின்னர் தேயிலையும் நட்டார்கள். அந்தத் தோட்டங்களுக்கு வழிகாட்டியவர் என்று கார்வர் மார்ஷ் என்ற வெள்ளைக்காரத் துரைக்கு மலையில் சிலை இருக்கிறது. அந்தச் செடிகளைக் குழி தோண்டி நட்ட ஆயிரமாயிரம் கைகள் யாருடையவை? சமவெளியிலிருந்து பஞ்சம் பிழைக்க மலை ஏறியவர்களுடையவை. அவர்கள் நட்ட எதுவும் அவர்களுடையதாக ஆகவில்லை.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு கொடுப்பதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. நல்ல சட்டம்தான். ஆனால் வேலையோடு ஒட்டிய வீடு, வேலை போனால் போய்விடும். திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலையில் நடந்ததை நாம் செய்திகளில் பார்த்தோம். 1929-இல் எழுதப்பட்ட 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடிய இருந்தது. அதற்கு முன்பே, 2024-இல் தோட்ட வேலை நிறுத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் மலையைவிட்டு இறங்க வேண்டிய நிலை வந்தது. இதைப் பார்த்த வால்பாறைத் தொழிலாளி "இது நம்ம இடமா?" என்று கேட்டால், அதில் தவறு காண நமக்கு உரிமை இல்லை.

ஆனால் அந்தக் கேள்விக்கு மார்க்கத்தில் பதில் இருக்கிறது. அந்தப் பதில் சொந்த வீடு, பட்டா, பத்து சென்ட் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சேமித்து வைப்பது தவக்குலுக்கு எதிரானதா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். "ரிஸ்க் கொடுப்பவன் அல்லாஹ், நாம் ஏன் நாளைக்காகக் கவலைப்பட வேண்டும்?" என்று சிலர் பேசுகிறார்கள். ரிஸ்க் கொடுப்பவன் அல்லாஹ்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அல்லாஹ்வின் மீது நம் எல்லோரையும்விட அதிகமாக தவக்குல் வைத்திருந்த நபி (ஸல்) அவர்கள், தம் குடும்பத்துக்கு ஓராண்டுக்கான உணவை எடுத்து வைத்தார்கள் என்று உமர் (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று அவர்கள் ஒரு கிராமவாசிக்குச் சொன்னதும் நாம் அறிந்ததே.

சூரா யூசுஃபை எடுத்துப் பாருங்கள். ஏழு ஆண்டு செழிப்பு, ஏழு ஆண்டு பஞ்சம் என்று மன்னரின் கனவுக்கு விளக்கம் சொன்ன யூசுஃப் (அலை) அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. தொடர்ந்து பயிரிடுங்கள், உண்பதற்கு வேண்டிய கொஞ்சத்தைத் தவிர மற்றதைக் கதிரோடு விட்டு வையுங்கள் என்று வழிமுறையையும் சேர்த்துச் சொன்னார்கள். கதிரோடு இருக்கும் தானியம் பூச்சிக்கும் ஈரத்துக்கும் எளிதில் இரையாகாது என்பது நம் கொங்கு விவசாயிக்குத் தெரியும். ஒரு நபியின் வாயிலிருந்து வந்த ஆலோசனையில் இந்த அளவுக்கு நுணுக்கம் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். யூசுஃப் (அலை) அவர்களுக்கு எகிப்து சொந்த மண்ணா? கிணற்றில் போடப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, சிறையில் கிடந்த ஊர் அது. அங்கே அவர்களுக்கு என்று ஒரு பிடி மண் கிடையாது. "என்னை விற்ற ஊருக்கு நான் ஏன் திட்டம் போட வேண்டும்?" என்று அவர்கள் கேட்கவில்லை. அந்த மண்ணில் விளைந்த தானியம் எகிப்தியரைக் காப்பாற்றியது. கன்ஆனிலிருந்து பசியோடு வந்த, அவர்களைக் கிணற்றில் தள்ளிய அதே சகோதரர்களின் மூட்டைகளையும் நிரப்பியது.

மலைக்கு வரும் கஷ்ட காலம்

வால்பாறைக்கு வரும் அரிசி, காய்கறி, கேஸ் சிலிண்டரில் பெரும்பகுதி ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் மேலே வர வேண்டும். மழைக்காலத்தில் ஒரு மரம் சாய்ந்தால், ஓர் இடத்தில் மண் சரிந்தால், வழி அடைபட்டுவிடும். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைக் குடியிருப்புகளை மண்ணும் பாறையும் அடித்துச் சென்றதை நாம் மறக்கவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதே நாளில்தான் நம் வால்பாறையில் சோலையாறு அணைப் பகுதியில் வீட்டின் மீது மண் சரிந்து ஒரு பாட்டியும் பேத்தியும் இறந்து போனார்கள்.

தோட்டம் போட்டால் மண்சரிவு வராது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. சரிவு அபாயம் உள்ள இடத்திலிருந்து அதிகாரிகள் வெளியேறச் சொன்னால் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே வெளியேற வேண்டும். உயிரைக் காப்பது கடமை. ஆனால் பாதை அடைபடும் வாரம், வேலை இல்லாத மாதம், விலை ஏறிய பருவம் இவையெல்லாம் மலைக்கு அடிக்கடி வரும் சோதனைகள். அவற்றுக்கு ஒரு குடும்பம் தயாராக இருக்க முடியும். 2020 மார்ச் ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடந்தபோது, கொல்லையில் நாலு பாத்தி கீரை வைத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரிந்தது.

முந்நூறு ஈச்சங்கன்றுகள் யாருடைய மண்ணில் நடப்பட்டன?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் வரலாறு முஸ்னத் அஹ்மதில் விரிவாக இடம்பெற்றுள்ளது. சத்தியத்தைத் தேடிப் பாரசீகத்திலிருந்து புறப்பட்ட அந்த மனிதர் வழியில் ஏமாற்றப்பட்டு அடிமையாக விற்கப்பட்டார். கடைசியில் மதீனாவில் ஒரு யூதரிடம் வந்து சேர்ந்தார். விடுதலைக்கு எஜமானர் கேட்ட விலை, நாற்பது ஊக்கியா தங்கமும், முந்நூறு ஈச்சங்கன்றுகளை நட்டுக் கொடுப்பதும்.

நபி (ஸல்) அவர்கள் உங்கள் சகோதரருக்கு உதவுங்கள் என்று தோழர்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் முப்பது கன்று கொண்டு வந்தார். ஒருவர் இருபது, ஒருவர் பதினைந்து, ஒருவர் பத்து. அவரவர் சக்திக்கு ஏற்பக் கொடுத்து முந்நூறு சேர்ந்தது. ஸல்மான் (ரலி) அவர்கள் தோழர்களின் உதவியோடு குழிகளைத் தோண்டினார்கள். அல்லாஹ்வின் தூதர் தம் முபாரக்கான கரங்களால் கன்றுகளை ஊன்றினார்கள். அதில் ஒரு கன்றுகூடப் பட்டுப்போகவில்லை.

சகோதரர்களே! அந்தத் தோட்டம் யாருக்காக நடப்பட்டது? அடிமையின் எஜமானருக்காக. காய்க்கும் ஈச்சம்பழம் யாருக்குப் போகும்? ஸஹாபாக்களில் ஒருவருக்கும் போகாது. ஆனால் அந்த நடவில் ஒரு மனிதர் விடுதலை பெற்றார். நமதல்லாத மண்ணில் நடுவதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா? பழம் மண்ணின் உரிமையாளருக்குப் போகலாம். நன்மை நட்டவரின் ஏட்டில்தான் எழுதப்படும்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ பறவையோ மனிதரோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதில் சொந்த நிலம் என்ற நிபந்தனை இல்லை. கியாமத் நாள் வந்துவிட்டாலும், கையில் ஒரு கன்று இருந்து அதை நட முடியுமானால் நட்டுவிடட்டும் என்று முஸ்னத் அஹ்மதில் வரும் செய்தியை யோசித்துப் பாருங்கள். அந்தக் கன்று ஒருபோதும் காய்க்கப் போவதில்லை. இருந்தும் நடச் சொன்னார்கள்.

உண்மையில் பட்டா வைத்திருப்பவரும் இங்கே குடியிருப்பவர்தான். இந்த உலகோடு தமக்குள்ள உறவை, ஒரு மரத்தின் நிழலில் சற்று ஒதுங்கிவிட்டுப் புறப்படும் வழிப்போக்கனுக்கு உவமையாக நபியவர்கள் சொன்னார்கள் என்று திர்மிதியில் வருகிறது. லைன் வீட்டுக்காரருக்குச் சாவியைக் கொடுக்கும் தேதி தெரியும். சொந்த வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அனுமதி வேண்டும்

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே எஸ்டேட் நிலத்தில் மண்வெட்டியோடு இறங்கிவிடக் கூடாது. பிறர் நிலத்தில் அநியாயமாக ஊன்றிய வேருக்கு எந்த உரிமையும் இல்லை என்ற கருத்தில் அபூதாவூத், திர்மிதியில் ஹதீஸ் உண்டு. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் நட்டால் அது ஆக்கிரமிப்பு. அதில் ஸதகாவின் பேச்சுக்கே இடமில்லை. வீட்டை ஒட்டி நிர்வாகம் அனுமதித்த அளவில் பாத்தி போடுங்கள். வாடகை வீட்டுக்காரர் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மொட்டை மாடியில் தொட்டி வையுங்கள். ஸல்மான் (ரலி) அவர்களுக்காக நட்டதும் ஒப்பந்தம் பேசிய பிறகுதான்.

வீட்டிலிருந்து காடு வரை: ஐந்து மண்டலங்கள்

1978-இல் ஆஸ்திரேலியாவில் பில் மோலிசன், டேவிட் ஹோம்கிரன் என்ற இருவர் 'பெர்மாகல்ச்சர்' என்ற முறையைப் புத்தகமாக வெளியிட்டார்கள். இயற்கையோடு ஒட்டி, நிலைத்து நிற்கும்படி வாழ்விடத்தை அமைத்துக்கொள்ளும் முறை அது. நம் ஊரில் நம்மாழ்வார் ஐயா பேசியதோடு பல இடங்களில் ஒத்துப்போகும். அதில் ஒரு பயனுள்ள கணக்கு, மண்டலங்கள். வீடு என்பது பூஜ்ஜிய மண்டலம். தினமும் கைபடும் கீரை, புதினா ஒன்றாம் மண்டலம். பழமரம், கோழி இரண்டாம் மண்டலம். பெரிய விளைச்சல் மூன்றாம் மண்டலம். விறகு, மேய்ச்சல் நான்காம் மண்டலம். மனிதர் கைவைக்காத காடு ஐந்தாம் மண்டலம்.

இதைப் படிக்கும்போது சூரா நிஸாவின் 36-ஆம் வசனம் நினைவுக்கு வருகிறது. அங்கேயும் அல்லாஹ் உள்ளிருந்து வெளியே போகிறான். பெற்றோர், உறவினர், அநாதை, ஏழை, பக்கத்து அண்டை வீட்டார், தூரத்து அண்டை வீட்டார், உடனிருக்கும் தோழர், வழிப்போக்கர் என்று ஹக்குகள் வட்டம் வட்டமாக விரிகின்றன. ஆகவே நாமும் ஒவ்வொரு மண்டலத்திலும் இரண்டு கேள்விகளைக் கேட்போம். இங்கே என்ன செய்யலாம்? இங்கே யாருடைய ஹக்கு இருக்கிறது?

*வீடு.* முதலில் தண்ணீர். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்று புகாரி, முஸ்லிமில் உள்ளது. அது ஏறத்தாழ முக்கால் லிட்டர் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணக்கு. நாம் குழாயைத் திறந்துவிட்டு எத்தனை லிட்டர் செலவழிக்கிறோம்? கோவை நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே 600 முதல் 700 மி.மீ.தான். 500 சதுர அடி கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் சுமார் 460 லிட்டர் தண்ணீர் விழுகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எத்தனை வீடுகளில் அந்தக் குழாய் இன்றும் அடைப்பில்லாமல் இருக்கிறது? உளூச் செய்த தண்ணீர் இன்னோர் உளூவுக்கு ஆகாதே தவிர, செடிக்கு ஊற்ற எந்தத் தடையும் இல்லை.

அடுத்து அரிசி. வால்பாறையில் யானைகள் ரேஷன் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் அரிசிக்காக உடைப்பது நமக்குப் புதிதல்ல. மூட்டையைத் திறந்தபடி பின்சுவர் ஓரம் சாய்த்து வைக்காமல், இறுக மூடிய டிரம்மில் உள்ளறையில் வையுங்கள்.

*வாசலும் கொல்லையும்.* தேயிலைக்கு ஏற்ற மண் புளிப்பு மண். பெரும்பாலான காய்கறிகளுக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. விறகடுப்புச் சாம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மட்கிய குப்பை போட்டால் மண் பக்குவப்படும். தென்மேற்குப் பருவமழை அடித்துக்கொண்டு போகாமல் மேட்டுப்பாத்தி போட்டு, சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் விடுங்கள். கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, மிளகாய், இஞ்சி போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டை ஒட்டிய செடிகள் தாழ்வாக, பார்வை மறைக்காமல் இருக்க வேண்டும். புதர் மண்டினால் சிறுத்தையும் கரடியும் ஒளிய இடமாகிவிடும். குழந்தைகளை இழந்த வீடுகள் இந்த மலையில் இருக்கின்றன. கோழிக் கழிவையும், பக்ரீத் குர்பானியின் கழிவையும் தேயிலைக் காட்டுக்குள் வீசுவது பெரும் பாவத்துக்கு வழி. அது நாயை இழுக்கும். நாய் சிறுத்தையை இழுக்கும். ஆழக் குழி தோண்டிப் புதைப்பதும் குர்பானியின் ஒழுக்கத்தில் சேர்ந்ததுதான்.

*பழமரம்.* பெர்மாகல்ச்சர் புத்தகம் இரண்டாம் மண்டலத்தில் பழமரம் வைக்கச் சொல்லும். வால்பாறையில் அப்படியே செய்தால் ஆபத்து. சுவரை ஒட்டி வாழையோ பலாவோ வைத்தால் யானை தேடி வரும். "விலங்கு உண்டாலும் ஸதகாதானே?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் யானை வாழைக்காக வந்து பக்கத்து வீட்டுச் சுவரையும் சேர்த்துத் தள்ளும். அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். பிறருக்குத் தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்பது இப்னு மாஜாவில் வரும் ஹதீஸ். ஃபிக்ஹின் பெரும் அடிப்படைகளில் ஒன்று. நடுவது நன்மை. எங்கே நடுகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் அது நன்மையாகிறது. கோவையிலும் பொள்ளாச்சியிலும் இருப்பவர்கள் தாராளமாகக் கொய்யா, முருங்கை, பப்பாளி வையுங்கள். மலையில் இருப்பவர்கள் அந்த ஆசையை அடக்கிக்கொள்வதும் இபாதத்தான்.

*மூன்றும் நான்கும்.* இங்கே இவை பெரும்பாலும் எஸ்டேட்டின் கையில் இருக்கின்றன. நமக்கு இதில் உள்ள பங்கு உழைப்பும், கவாத்துக் குச்சியை விறகாக எடுத்துக்கொள்வதும்தான். அனுமதித்ததை மட்டும் எடுப்போம்.

*காடு.* வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றி ஆனைமலை புலிகள் காப்பகமும் கேரளக் காடுகளும். யானைக்குப் போக்குவரத்து இந்தத் தேயிலைக்கு நடுவேதான். நமக்கு முன்பே அவை இங்கே நடந்தன. நபி (ஸல்) அவர்கள் நகீஃ என்ற பள்ளத்தாக்கை ஹிமாவாக, பாதுகாக்கப்பட்ட நிலமாக அறிவித்தார்கள். மதீனாவின் புனித எல்லைக்குள் மரம் வெட்டுவதைத் தடுத்தார்கள். தொடக் கூடாத ஓர் இடம் இருக்க வேண்டும் என்பது நம் மார்க்கத்துக்கு அந்நியமான கருத்து அல்ல.

வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் சுமார் கால் நூற்றாண்டாக, எஸ்டேட்டுகளுக்கு நடுவே துண்டு துண்டாக எஞ்சிய சோலைகளில் நாட்டு மரக் கன்றுகளை நட்டு வருகிறது. நிலம் அவர்களுடையது அல்ல. மரத்தில் அவர்களுக்கு அறுவடையும் இல்லை. யானை வரும் செய்தியைக் குறுஞ்செய்தியாகவும், உள்ளூர் டிவியில் ஓடும் வரியாகவும், சிவப்பு விளக்காகவும் மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாட்டையும் செய்தார்கள். யானையால் நேர்ந்த இறப்புகளில் பெரும்பாலானவை, அது அருகில் நிற்பது தெரியாமல் போனதால்தான் என்று கண்டறிந்து செய்த வேலை அது. நன்மை எங்கிருந்தாலும் அதைப் பாராட்டுவது முஃமினின் பண்பு. நாமும் அந்தச் செய்தியைப் பள்ளிவாசலின் வாட்ஸ்அப் குழுவில் பகிரலாமே!

வேலி எங்கே முடிகிறது?

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டைத் தயார் செய்வது. ஆனால் இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. என் வீடு, என் அரிசி, என் தண்ணீர்த் தொட்டி என்று மனம் சுருங்கிவிடும். சூரா கலமில் வரும் தோட்டக்காரர்களைப் பாருங்கள். ஏழைகள் உள்ளே வருவதற்கு முன்பே அறுத்துவிட வேண்டும் என்று விடியற்காலையில் மெல்லப் பேசிக்கொண்டு போனார்கள். போய்ப் பார்த்தால் தோட்டமே இல்லை. அவர்கள் உழைக்காதவர்கள் அல்லர். திட்டம் போடத் தெரியாதவர்களும் அல்லர். ஏழையின் ஹக்கை வேலிக்கு வெளியே தள்ளியதுதான் அவர்கள் செய்த குற்றம். விலை ஏறட்டும் என்று உணவைப் பதுக்குபவன் பாவி என்று முஸ்லிமில் வரும் ஹதீஸும் இதோடு சேர்ந்தது.

நபியவர்கள் ஓராண்டு உணவை எடுத்து வைத்தார்கள் என்று பார்த்தோம். ஆனாலும் அவர்கள் வீட்டில் மாதக்கணக்கில் அடுப்பு எரியாத நாட்கள் இருந்தன என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எடுத்து வைத்தது எங்கே போனது? கேட்டு வந்தவர்களுக்குப் போனது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். சேமிப்பும் இருந்தது, கதவும் திறந்திருந்தது.

அஷ்அரீ கோத்திரத்தாரை நபியவர்கள் புகழ்ந்ததைக் கேளுங்கள். பயணத்திலோ ஊரிலோ உணவு குறைந்துவிட்டால், தங்களிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாக அளந்து பிரித்துக்கொள்வார்களாம். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்ற பொருள்பட அவர்கள் சொன்னது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஒரு லைனில் பத்து வீடு இருந்தால் பத்து வீட்டிலும் எல்லாமும் விளைய வேண்டியதில்லை. ஒரு வீட்டில் கீரை, ஒரு வீட்டில் மிளகாய், ஒரு வீட்டில் முட்டை. மாரியம்மாள் அக்கா வீட்டுக்கும், மேரி சேச்சி வீட்டுக்கும், ஜார்க்கண்டிலிருந்து புதிதாக வந்த குடும்பத்துக்கும் அதில் பங்கு உண்டு. குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்குக் கொடு என்று அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னபோது, அண்டை வீட்டாரின் மதம் கேட்கப்படவில்லை.

இரண்டு மறுப்புகள்

ஒன்று, சகோதரிகள் கேட்பது. "நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, சமைத்து, துவைத்து, அதற்கு மேல் தோட்டமும் எங்கள் தலையிலா?" நியாயமான கேள்வி. ஆண்களே, இதற்கான பதில் நம்மிடம்தான் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னார்கள். முந்நூறு கன்றுகளை ஊன்றிய கரங்களின் உம்மத்து நாம். மண்வெட்டியும் வாளியும் நம் கையில் இருக்கட்டும்.

இரண்டு, தொழிலாளர்கள் கேட்பது. "கீரை போட்டால் கூலி உயருமா?" உயராது. கொல்லைத் தோட்டம் நியாயமான கூலிக்கோ, ஒழுகாத கூரைக்கோ, ஓய்வுக்குப் பின் ஒரு வீட்டுக்கோ பதில் ஆகாது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்பது வேலை கொடுப்பவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதை அவர்களிடம் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை. "நீங்களே சமாளித்துக்கொள்ளுங்கள்" என்று கைகழுவிவிட நம் தோட்டத்தை யாரும் சாக்காக எடுக்கக் கூடாது. ஸல்மான் (ரலி) அவர்கள் கன்றும் நட்டார்கள், விடுதலைப் பத்திரத்தையும் கேட்டு வாங்கினார்கள்.

இந்த வாரமே தொடங்குவோம்

ஒவ்வொரு ஜமாஅத்திலும் இதைச் செய்ய முடியும். பள்ளிவாசலின் உளூத் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் பாத்திக்குப் போகட்டும். விதை வைத்திருப்பவர்கள் ஜும்ஆவுக்கு ஒரு பிடி கொண்டு வாருங்கள்; முப்பது கன்று கொடுத்தவரும் பத்து கன்று கொடுத்தவரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். மழைக்காலத்துக்கு முன் மஹல்லாவில் தனியாக இருக்கும் முதியவர்கள், நோயாளிகள், சரிவில் குடியிருப்பவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். பாதை அடைபட்டால் யார் வீட்டுக் கதவை யார் தட்டுவது என்று முன்பே பேசி வையுங்கள்.

வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகும் நாள் வரும்போது, கறிவேப்பிலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டு போகாதீர்கள். அடுத்து வருபவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவர் ஒரு கொத்து ஒடித்துத் தாளிக்கும்போதெல்லாம் நம் ஏட்டில் எழுதப்படும். நாம் கப்ரில் இருக்கும்போதும் எழுதப்படும்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளிலும் எங்கள் மண்ணிலும் பரக்கத் செய்வாயாக! மலையில் வாழும் மக்களை மண்சரிவிலிருந்தும் விலங்குகளால் வரும் தீங்கிலிருந்தும், விலங்குகளை எங்களால் வரும் தீங்கிலிருந்தும் காப்பாயாக! நாங்கள் நட்டதன் பலனை நாங்கள் காணாவிட்டாலும், பசித்த ஓர் உயிர் அதைக் காணும்படிச் செய்வாயாக! வயநாட்டிலும் வால்பாறையிலும் உற்றாரை இழந்தவர்களின் உள்ளங்களுக்கு ஆறுதல் தருவாயாக! எங்களிடம் ஒப்படைத்த அமானிதத்தைப் பாழாக்காமல் திருப்பித் தரும் நல்லடியார்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.